மாண்ட வட்டும் மீண்ட கோப்பும்

‘போனது போகட்டும்’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளத்தக்க பொருள்கள் உலகில் பல உண்டு. குடை போனால் வேறு குடை வாங்கலாம். மிதிவண்டி போனால் சில நாள் நடந்து செல்லலாம். ஆனால் சென்ற ஆடி மாதத்தில் ஓர் ஏரியில் நின்ற நீரைத் தை மாதத்தில் போய் மொண்டுவர முடியுமா? முடியாத அந்தச் செயலைச் செய்தே தீரவேண்டிய இக்கட்டு எனக்கு நேர்ந்தது. அதற்குக் காரணம், உள்ளங்கை அகலமுள்ள ஒரு கருநிறப் பெட்டி. நம் மன்றத்து நண்பர்களுள் ஹார்டு டிஸ்க் இல்லாதவர் அரியர்; அதிலுள்ளவற்றிற்கு இன்னொரு பிரதி வைத்திருப்பவரோ அதனினும் அரியர். ஆகவே என் கதை ஒருநாள் உங்கள் கதையும் ஆகலாம் என்னும் அச்சத்தாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் கடந்தால் வருவது சந்தாபுரா. இன்னும் சற்றுத் தொலைவில் அத்திப்பள்ளி, அதற்கப்பால் தமிழ்நாடு. தருமபுரி மாவட்டத்திலிருந்து பிழைப்பு நாடி வந்து இங்கே வேரூன்றிய குடும்பம் எங்களுடையது. தந்தையார் தொழிற்பேட்டையில் இயந்திரம் ஓட்டுகிறார். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஆயினும் அதற்கு இப்பாலுள்ள எங்களுக்கு இன்றும் பேருந்தே கதி.

ஊரின் பெயரைத் தாங்கிய ஏரி ஒன்று அங்கே உண்டு. ஏரி என்றதும் அல்லியையும் கொக்கையும் கற்பனை செய்யவேண்டா. சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்து நாறும் நீர்நிலை அது. அதனைக் காக்கத் தவறியமைக்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்தவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் ஆணையிட்டது. என் எம்.எஸ்ஸி. ஆய்வுக்கு அந்த ஏரி நீரையே பொருளாகக் கொண்டேன். ஞாயிறுதோறும் ஐந்து இடங்களில் நீர் மொள்வேன். கரைந்துள்ள ஆக்சிஜன், அமிலத்தன்மை, பாஸ்பேட் ஆகியவற்றை அளப்பேன். அளவைகளையும் நிழற்படங்களையும் தேதி வாரியாக அந்தப் பெட்டியில் சேமிப்பேன். பதினான்கு மாத உழைப்பு அதில் இருந்தது. அதனோடு, என் ஆயா பாடிய நடவுப் பாட்டுகளும் இருந்தன. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். ஆயா இப்பொழுது இல்லை.

சென்ற டிசம்பரில் ஓரிரவு கட்டிலின்மீது மடிக்கணினியும், அதன் பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. தண்ணீர் குடிக்க எழுந்த தம்பியின் காலில் கேபிள் சிக்கியது. விழுந்த உயரம் ஒன்றரை அடிதான். எடுத்துக் காதருகே வைத்தேன். ‘கடக்... கடக்... கடக்...’ என்றது. கடிகாரம் போன்ற ஒழுங்கான ஒலி. ஒழுங்காக இருந்ததே என் வயிற்றைக் கலக்கிற்று.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த மடமைகளை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிடுங்கிச் செருகினேன். வேறு துளையில் செருகினேன். வேறு கேபிள் கொண்டு செருகினேன். மெல்லத் தட்டியும் பார்த்தேன். எட்டாவது முறை, கணினி நெடுநேரம் ஆலோசித்துவிட்டு, ‘ஃபார்மட் செய்தாலன்றி இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த இயலாது, செய்யட்டுமா?’ என்று பணிவுடன் வினவியது. என் விரல் இசைவுப் பொத்தானை நோக்கிச் சென்றது உண்மை. அம்மா, “எதுவா இருந்தாலும் காலையில பாத்துக்கலாம், படுடா” என்று அதட்டியதால் தப்பித்தேன். விஞ்ஞானம் தெரியாத அம்மாவின் அதட்டலே அன்றிரவு நிகழ்ந்த ஒரே விஞ்ஞானப் பூர்வமான செயல் என்பதைப் பிறகு அறிந்தேன்.

மறுநாள் கடைத்தெருவிலுள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றேன். அங்கிருந்தவர் தமிழர், அன்பானவர். “திறந்து பாத்துடலாம் தம்பி, ரெண்டு நிமிஷ வேலை” என்று திருப்புளியைக் கையில் எடுத்தார். தலைக்குமேல் மின்விசிறி, வாசலில் பேருந்துப் புகை. “வேண்டாம் அண்ணா, யோசித்துவிட்டு வருகிறேன்” என்று பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தத் திருப்புளி ஏன் எமனுடைய பாசக்கயிறு என்பதை விளக்கவேண்டுமானால், பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் காணவேண்டும்.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ரேமாக் என்னும் கணினியோடு உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது வட்டுகள். ஏறத்தாழ ஒரு டன் எடை. கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்துகள். இன்று நம் சட்டைப்பையில் அடங்கும் ஒரு டெராபைட் பெட்டி, அத்தகைய இரண்டு லட்சம் பூதங்களுக்கு ஈடு. உருவம் சுருங்கியதே தவிர அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வட்டு. அதன்மேல் மிக மெல்லிய காந்தப் படலம். அப்படலத்தில் ஒன்று, பூச்சியம் என்னும் இரு நிலைகளைக் குறிக்கும் நுண்காந்தங்கள். அவற்றைப் படிக்க ஒரு கரத்தின் நுனியில் வாசிப்புமுனை. பழைய கிராமபோன் தட்டும் ஊசியும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? ஒரே ஒரு வேற்றுமை: கிராமபோன் ஊசி தட்டைத் தொட்டுத்தான் பாடும், இந்த முனையோ தொட்டால் தொலைந்தது!

இவ்வளவு நுண்ணிய காந்தங்களைப் படிக்க முடிவதற்கு ஒரு பௌதிகக் கண்டுபிடிப்பு துணைநின்றது. மெல்லிய காந்தப் படலங்களை அடுக்கினால், காந்தப் புலம் சிறிது மாறினும் மின்தடை பெரிதும் மாறுகிறது என்பதைப் பிரான்சின் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியின் பீட்டர் கிரூன்பெர்க்கும் 1988-இல் தனித்தனியே கண்டனர். அதற்கு 2007-இல் நோபெல் பரிசு பெற்றனர். நம் ஒவ்வொருவர் பையிலும் நோபெல் பரிசின் ஒரு துளி கிடந்து உருண்டுகொண்டிருந்தது என்றால் மிகையன்று.

அந்த முனைக்கும் வட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு? சில நானோமீட்டர்களே. தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. சுழலும் வட்டோடு சேர்ந்து ஓடும் காற்றின்மீது அந்த முனை மிதக்கிறது. நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் சிறிய வட்டின் விளிம்பு, மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓசூர் சாலையில் நள்ளிரவில் விரையும் பேருந்தின் வேகம் அது. இனி, அரை மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு தூசியை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசிதான். ஆனால் முனைக்கும் வட்டுக்கும் உள்ள இடைவெளியை ஒரு மில்லிமீட்டராகப் பெருக்கிக் கண்டால், அத்தூசி உரித்த தேங்காய் அளவு பெரிதாகிவிடும். விரையும் பேருந்தின் அடியில், ஒரு மில்லிமீட்டர் சந்தில், தேங்காய் சிக்கினால் என்ன ஆகும்?

கடைத்தெருவில் பெட்டியைத் திறக்கலாகாது என்பதன் காரணம் இதுவே. ஹார்டு டிஸ்க் திறக்கும் பணியிடத்தில், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரோமீட்டரும் அதற்கு மேற்பட்டதுமான துகள்கள் நூற்றுக்கு மிகாமல் இருக்கவேண்டும். நாம் மூச்சுவிடும் சாதாரண அறைக் காற்றிலோ அவை லட்சக்கணக்கில் இருக்கும். திறந்தவுடனே டிஸ்க் செத்துவிடாது. சில நிமிடம் ஓடவும் செய்யும். ‘பார்த்தீர்களா, ஓடுகிறதே!’ என்று மகிழும்போதே முனை படலத்தைச் சுரண்டத் தொடங்கியிருக்கும். சுரண்டிய பொடி மேலும் சுரண்டும். படலம் போன இடத்தில் காந்தம் இல்லை. காந்தம் இல்லாத இடத்தில் செய்தி இல்லை. அதனை மீட்க எந்தக் கொம்பனாலும் ஆகாது.

‘கடக், கடக்’ என்ற ஒலியின் பொருளும் இங்கே விளங்கும். வட்டில் நம் கோப்புகளோடு, சாலையோரத்து மைல்கற்கள் போல வழிகாட்டும் குறிகளும் இடையிடையே எழுதப்பட்டிருக்கின்றன. முனை அவற்றைப் படித்தே தான் எந்தத் தடத்தில் நிற்கிறது என்பதை அறிகிறது. அடிபட்ட முனைக்கு மைல்கல் தெரிவதில்லை. தடுமாறிய கரம் ஓரத்திற்கு ஓடி, முட்டி, மறுபடியும் தேட வருகிறது. அந்த முட்டலே நாம் கேட்கும் ஒலி. நான் செருகிப் பார்த்த எட்டு முறையும், ஊனமுற்ற முனையை வட்டின்மேல் இழுத்து உலவவிட்டேன் என்பதை எண்ணினால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

ஒலியைக் கொண்டே நோயை ஓரளவு அறியலாம். வட்டு சுழல முயன்று ஈனக்குரலில் முனகினால், முனை வட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒலியே இல்லையானால், வெளியிலுள்ள மின்சுற்றுப் பலகை பழுதாகியிருக்கக்கூடும். மேசைமேல் வைக்கும் பெரிய பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டருக்குப் பதிலாக மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகி, அந்தப் பலகையை எரித்தவர்கள் பலர். ‘அதே மாதிரியான வேறு பலகையை மாற்றினால் போதுமே’ என்பார்கள். பழங்காலத்து டிஸ்க்குகளில் அது பலித்தது. இன்றோ ஒவ்வொரு டிஸ்க்கின் முனைகளுக்கும் உரிய தனிப்பட்ட அளவுகள் அதன் பலகையிலுள்ள சிறு சில்லில் எழுதப்பட்டுள்ளன. அச்சில்லையும் பெயர்த்துப் புதிய பலகையில் பொருத்தினாலன்றிப் பயனில்லை. இவை எல்லாம் வன்பொருளின் நோய்கள்.

வட்டும் முனையும் நலமாக இருக்க, கோப்புகள் மட்டும் காணாமற்போவது வேறு வகை. நம் நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் புத்தகங்கள், வாசலில் அட்டவணை. கோப்பு ஒன்றை நீக்கும்போது ஹார்டு டிஸ்க் செய்வது, அட்டவணையில் ‘இந்த இடம் காலி’ என்று குறித்துவைப்பது மட்டுமே. புத்தகம் அடுக்கில்தான் இருக்கிறது. விரைவு ஃபார்மட் என்பதும் பெரும்பாலும் பழைய அட்டவணையைத் தூக்கி எறிந்து புதியது வைப்பதே. அந்த ‘காலி’ இடத்தில் வேறு புத்தகத்தை வைக்கும் வரை பழையதற்கு ஆபத்தில்லை. வைத்துவிட்டால் அதற்கு உயிரில்லை. ஆதலால் தவறுதலாக நீக்கிவிட்டோம் என்று தெரிந்த கணமே அதில் எழுதுவதை நிறுத்தவேண்டும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கி நிறுவுகிறார்களே, அவர்களை என்னென்பது? கிணற்றில் விழுந்தவனைத் தேடக் கிணற்றிலேயே மண்ணைக் கொட்டுவது போன்றதன்றோ அது!

இடையில் ஓர் எச்சரிக்கை. இவ்வளவும் சுழலும் வட்டுக்கே பொருந்தும். எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலா வகையில், நீக்கிய இடங்களைக் கணினியே ‘டிரிம்’ என்னும் கட்டளையால் அறிவித்துவிடும். உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு அவற்றை ஓய்வு நேரத்தில் துடைத்துவிடும். ஆதலின் அங்கே நீக்கிய கோப்பு மீள்வது அரிது. பிட்லாக்கர் போன்ற பூட்டு இட்டிருந்தால், சாவி எண்ணை இழந்தவருக்கு வட்டு முழுவதும் நலமாக இருந்தும் பயனில்லை.

வட்டு பழுதடையத் தொடங்கியிருக்கிறது, ஆயினும் ஓசையின்றிச் சுழல்கிறது, சிற்சில இடங்கள் மட்டும் படிக்க முடியவில்லை என்னும் நிலையில், மாணவராகிய நாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. முதலில் பிரதி, பிறகே வைத்தியம். ஏடு செல்லரிக்கத் தொடங்கினால் நம் முன்னோர் அதன்மேலேயே திருத்திக்கொண்டிருக்கவில்லை. புது ஓலையில் பெயர்த்து எழுதிவிட்டே மற்றதைப் பார்த்தனர். ஒரு டெராபைட் வட்டில், 4096 பைட் கொள்ளும் சிற்றறைகள் ஏறத்தாழ இருபத்து நான்கு கோடி உள்ளன. சாதாரண முறையில் நகலெடுத்தால், படிக்க முடியாத ஓர் அறை வந்ததும் கணினி அங்கேயே நின்று மீண்டும் மீண்டும் முட்டும். நோயுற்ற வட்டு அந்த முட்டலிலேயே சாகும். ‘ஜி.என்.யூ. டிடிரெஸ்கியூ’ என்னும் இலவச மென்பொருள் வேறு வழியில் செல்கிறது. நல்ல பகுதிகளை முதலில் விரைந்து அள்ளுகிறது. கெட்ட இடம் வந்தால் தாண்டிச் செல்கிறது. தாண்டிய இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்கிறது. எல்லாம் முடிந்தபின்பே திரும்பி வந்து அவற்றைச் சிறிது சிறிதாகச் சுரண்டிப் பார்க்கிறது. இடையில் மின்சாரம் போனாலும் வரைபடம் இருப்பதால் விட்ட இடத்தில் தொடரலாம். சந்தாபுராவில் வாழ்பவனுக்கு இது பெரிய வரம். பிரதியை இறக்க, அதே அளவோ அதனினும் பெரியதோ ஆன வேறு டிஸ்க் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

பிரதி கைக்கு வந்தபின் அஞ்சவேண்டியதில்லை. எத்தனை சோதனை வேண்டுமானாலும் அதன்மேல் செய்யலாம். அட்டவணை சிதைந்திருந்தால் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்னும் மென்பொருள் அதனைச் சீர்செய்ய முயலும். அட்டவணை முற்றும் அழிந்திருந்தால் ‘ஃபோட்டோரெக்’ என்பது வேறோர் உத்தியைக் கையாளும். நாம் எதை எழுதத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போடுகிறோம் அல்லவா? கோப்புகளுக்கும் அவ்வாறு சுழி உண்டு. ஜேபெக் வகை நிழற்படம் எதுவாயினும் அதன் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255 என்றே இருக்கும். முடிவில் 255, 217 என்னும் ‘முற்றும்’ இருக்கும். வட்டு முழுவதும் இந்தச் சுழிகளைத் தேடி, சுழிக்கும் முற்றுக்கும் இடைப்பட்டதை எடுத்து வெளியே வைக்கிறது அம்மென்பொருள். ஆனால் இதில் ஒரு பெருங்குறை. கோப்பு துண்டுதுண்டாக வெவ்வேறிடத்தில் கிடந்தால் ஒட்டாது. ஒட்டினாலும் அதன் பெயர் கிடைக்காது, ஃபோல்டர் கிடைக்காது. ஏட்டுக்கட்டு அவிழ்ந்து, ஓலை எண்களும் அழிந்து, தரையில் குவிந்து கிடப்பது போலத்தான். என் போன்றவனுக்கு அது மரணம். ஆக்சிஜன் அளவு கிடைத்து, அது எந்த ஞாயிற்றுக்கிழமைக்குரியது என்பது தெரியாவிட்டால், அந்த எண்ணால் என்ன பயன்? அன்றிரவு ஃபார்மட் பொத்தானை அழுத்தியிருந்தால் இந்த நிலைக்குத்தான் வந்திருப்பேன்.

துறைத் தோழன் ஒருவன் தொலைபேசியில், “பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைடா, காலையில் எழுந்து ஓடும்” என்றான். இப்படியொரு நம்பிக்கை உலகெங்கும் உண்டு. குளிரில் உலோகம் சுருங்கி, இறுகிய பழைய அச்சு சற்றே தளர்ந்து ஓடிய காலம் ஒன்று இருந்திருக்கலாம். இன்றைய வட்டில், வெளியே எடுத்ததும் பனித்துளி படியும். சில நானோமீட்டர் சந்தில் பனித்துளி என்பது கடல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் கணினிகள் மூழ்கின. அவற்றை வெயிலில் காயவைத்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதும் இத்தகைய தவறே. நீர் வற்றினாலும் அதிலிருந்த சேறும் உப்பும் வட்டின்மேல் படிந்துவிடும். ஈரத்தோடு காற்றுப் புகாத பையில் மூடி, இயக்காமல், நிபுணரிடம் கொண்டுசெல்வதே முறை.

நெருப்பிலும் வானத்திலும் விழுந்த வட்டே மீண்டிருக்கிறதே என்னும் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம், பூமிக்குத் திரும்புகையில், சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். அந்தத் துயரத்தை நாம் அறிவோம். அதே கலத்தில் செனான் வாயுவின் பாகுத்தன்மையைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்ததைப் பலர் அறியார். கிரீமைக் கலக்கினால் இளகுகிறதே, அதுபோல் மிக எளிய வாயுவாகிய செனானும் ஒரு குறிப்பிட்ட நிலையில் கலக்கும்போது இளகுமா என்பது கேள்வி. அளவைகளில் ஒரு பகுதி வானொலி வழியே பூமிக்கு வந்துவிட்டது. மற்றது கலத்திலிருந்த ஹார்டு டிஸ்க்கில் மட்டுமே இருந்தது.

மாதங்கள் பல கழித்து, வறண்ட ஓர் ஏரிப்படுகையில், விண்கலச் சிதறல்களிடையே அது கிடைத்தது. கருகி, உருகி, உலோகக் கட்டியாகத் தோன்றியது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள குரோல் ஆன்டிராக் என்னும் மீட்பு நிறுவனத்திற்கு அனுப்பினர். அதன் பொறியாளர்கள் வட்டுகளை வெளியே எடுத்து, இரசாயனக் கரைசலால் கழுவி, புதிதாக அமைத்த டிஸ்க்கில் பொருத்தினர். இரண்டே நாளில் 99 விழுக்காடு செய்தி வந்துவிட்டது! வட்டில் குழியும் கீறலும் இல்லாமலில்லை. ஆனால் அது பாதியளவே நிரம்பியிருந்தது. அதன் கணினி டாஸ் என்னும் பழைய முறையில் இயங்கியதால், செய்திகளை அங்குமிங்கும் இறைக்காமல் ஒரே பகுதியில் அடுக்கி வைத்திருந்தது. கீறல் விழுந்ததோ வெற்றிடத்தில். அதே கலத்திலிருந்து கிடைத்த வேறு இரு டிஸ்க்குகளிலிருந்து எதுவும் மீளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். செனான் ஆய்வின் முடிவு 2008-இல் ‘பிசிக்கல் ரெவ்யூ இ’ என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று. செனானும் இளகுகிறது.

அப்படியாயின் ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழுந்த என் டிஸ்க்குக்கு என்ன வந்தது? தூசியற்ற அறை உடைய ஒரு மீட்புக் கூடத்தை நாடினேன். பார்த்துவிட்டு இருபத்திரண்டாயிரம் ரூபாய் கேட்டனர். மீளாவிட்டால் வேண்டா என்றனர். அந்தத் தொகையில் அதுபோன்ற டிஸ்க் நான்கு வாங்கலாம். தந்தையாரிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஆய்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “எங்கம்மா பாட்டு அதுலதானடா இருக்குது? கொண்டுபோய்க் குடு” என்றார்.

அங்கே அவர்கள் செய்ததை விவரமாகக் கேட்டறிந்தேன். என் பெட்டியில் இரண்டு வட்டுகள், மேலும் கீழுமாக நான்கு முகங்கள், முகத்திற்கொரு முனை. ஒரு முனை முறிந்திருந்தது. அதன் வட்டு முகத்தில் வளையம் போல ஒரு கீறல். அதே வகையைச் சேர்ந்த நல்ல டிஸ்க் ஒன்றைத் தேடி, அதன் முனைத் தொகுதியை எடுத்து இதில் பொருத்தினர். கண்தானம் போன்றது எனலாம். கொடுத்த டிஸ்க் அதன்பின் எதற்கும் உதவாது. பிறகு, நலமான மூன்று முகங்களை முதலில் முழுமையாகப் பிரதி எடுத்தனர். நான்காம் முகத்தைக் கடைசிவரை தொடவில்லை. தொட்டால் புதிய முனையும் கீறலில் சிக்கிச் சாகக்கூடும் அல்லவா? கையில் வரக்கூடியது அனைத்தும் வந்தபின்பே, கீறலுக்கு அப்பாலும் இப்பாலும் எச்சரிக்கையாகப் படித்தனர்.

பதினொரு நாள் கழித்துப் பிரதி வந்தது. சிறிய கோப்புகளில் பெரும்பாலானவை பெயரும் தேதியும் கெடாமல் இருந்தன. பெரிய கோப்புகள்தாம் அடிவாங்கின. ஏனெனில், டிஸ்க் ஒரு முகத்தில் சில தடங்கள் எழுதி, அடுத்த முகத்திற்குத் தாவி, இப்படியே சுற்றிச் சுற்றி எழுதுகிறது. சிறு கோப்பு ஒரே முகத்தில் அடங்கிவிடும். அம்முகம் நலமானால் தானும் நலம். நெடுங்கோப்போ நான்கு முகங்களிலும் பரந்து கிடக்கும். எந்த முகத்தில் கீறினாலும் அதற்கு வலிக்கும். ஆயாவின் பாட்டு நாற்பது நிமிட ஒலிப்பதிவு. அது மீண்டது, ஆனால் நடுநடுவே ஓசையற்ற ஓட்டைகள். குரல் உயர்ந்து வரும், சட்டென்று நிற்கும், சில நொடி கழித்து வேறோர் அடியில் தொடங்கும். தந்தையார் அதை முதன்முறை கேட்டபோது, நின்ற இடங்களில் தாமே மெல்லிய குரலில் பாடி நிரப்பினார். எல்லா ஓட்டைகளும் நிரம்பவில்லை. இரண்டிடத்தில் அவருக்கும் அடி நினைவில்லை.

ஏரியின் கணக்கில் ஜூலை மாதத்து மூன்று ஞாயிறுகள் போயின. நான்காம் முகத்துக் கீறலின் மேலேயே அவை எழுதப்பட்டிருந்தன போலும். “ஜூன் கடைசியையும் ஜூலை கடைசியையும் வைத்து நடுவில் கணக்குப் போட்டு நிரப்பிவிடேன், யாருக்குத் தெரியும்?” என்றான் ஃப்ரீசர் வைத்தியம் சொன்ன அதே தோழன். அவன் சொன்னதில் கணித நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மழைக்காலத்து ஏரி அப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை. ஒரே மழையில் ஆக்சிஜன் ஏறும், மறுவாரமே ஆலைக்கழிவில் இறங்கும். புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்தார். அதில் 267, 268 என்னும் இரு எண்களுக்கு இன்றுவரை பாட்டில்லை. அத்தனை புலமை உடையவருக்கு இரண்டு பாட்டு இயற்றி இடைச்செருக முடியாதா என்ன?

ஆய்வேட்டில் ஜூலை 6, 13, 20 ஆகிய மூன்று வரிகளிலும் தேதியை எழுதி, எதிரே கோடு மட்டும் இட்டிருக்கிறேன். வழிகாட்டியாகிய பேராசிரியர் ‘இது ஏன்?’ என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார். வரும் திங்கட்கிழமை அவரிடம் சொல்லவேண்டும். புதிதாக வாங்கிய இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று என் மேசையில் இருக்கிறது. மற்றது தருமபுரியில் சித்தப்பா வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில், ஆயாவின் பாட்டோடு இருக்கிறது.